பழைய பெட்டியில் தெளிந்த முகம்

படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டி என்றால் யாதென இன்றைய மாணவச் செல்வங்களுட் பலர் வினவக்கூடும். முன்புறம் தடித்த கண்ணாடியும் பின்புறம் கூனும் உடையதாய், இருவர் கூடித் தூக்கினாலன்றி அசையாததாய், ஒரு தலைமுறைக் காலம் நம் கூடங்களில் அரசோச்சிய பெட்டி அது. 2003இல் வாங்கிய 21 அங்குலப் பெட்டியொன்றை யாம் இன்றும் பேணி வருகின்றோம். இதனைச் சிக்கனம் என்பாரும் உளர். பிடிவாதம் என்பாரும் உளர். உண்மைக் காரணம் ஒரு டி.வி.டி. தகடு.

2006இல் எம் தமக்கையாரின் திருமணத்தை எடுத்த ஒளிப்பதிவு அது. அடுத்த ஆண்டே எம் தந்தையார் மறைந்தார். அவர்தம் நடையும் குரலும் பதிந்திருப்பது அத்தகடு ஒன்றில்தான். இளவல் தம் இல்லத்துத் தட்டைத் திரையில் அதனை ஓட்டிக் காட்டியபோது எம் தாயார் முகம் சுளித்தார். "உங்க அத்தா முகம் இப்படியா அகலமா இருந்தது?" என்றார். அவர் கண் பொய்க்கவில்லை. அகலமும் உயரமும் நான்குக்கு மூன்று என்னும் அளவில் எடுத்த படத்தைப் பதினாறுக்கு ஒன்பது என்னும் திரை முழுவதும் பரப்பினால், ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலும். திரையின் அமைப்பில் நான்குக்கு மூன்று என மாற்றியதும் முகம் சரியாயிற்று. ஆயினும் அவர் கையசைத்த இடங்களில் விரல்களின் ஓரம் சீப்புப் பற்களைப் போலச் சிதறியது.

அதற்கும் காரணம் உண்டு. நம் நாட்டுப் பால் முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576. கேமரா அவற்றை ஒருசேரப் பதிப்பதில்லை. ஒற்றைப்படை வரிகளை ஒருமுறையும் இரட்டைப்படை வரிகளை மறுமுறையுமாக, நொடிக்கு 50 அரைப்படங்களாகப் பதிக்கும். படக்குழாயும் அவ்வாறே வரி விட்டு வரி வரைவதால் அசைவு இயல்பாக அமைகிறது. தட்டைத் திரையோ இரண்டு அரைப்படங்களையும் இணைத்து ஒரே படமாக்க வேண்டியுள்ளது. அவ்விணைப்பைத் திறம்படச் செய்யாத திரைகளில் சீப்புப் பற்கள் தோன்றுகின்றன. எனவே தகடு பழைய பெட்டிக்கே திரும்பியது. அதில் இயன்றவரை நல்ல படம் பெறுவது எம் பொறுப்பாயிற்று.

படத்தின் தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது இடையே செல்லும் வயர்தான் என்பதை இம்முயற்சியில் கண்டோம். ஆண்டெனாத் துளை வழியாகச் செல்வது கடைத்தரம். வேறு துளையே இல்லாத மிகப் பழைய பெட்டிகளுக்கு அஃதன்றி வழியில்லை. பலரும் பயன்படுத்திய மஞ்சள் வயரில் ஒளியின் அளவும் நிறமும் ஒன்றாகக் கலந்தே பயணம் செய்கின்றன. பெட்டி அவற்றை மீண்டும் பிரிக்கும்போது சிறிது தடுமாறும். நெருங்கிய கோடுகளுள்ள சட்டையில் இல்லாத வானவில் நெளிவதும், சிவப்புக் கரையின் ஓரத்தில் புள்ளிகள் எறும்பென ஊர்வதும் அத்தடுமாற்றத்தின் விளைவே. எஸ்-வீடியோ என்னும் நான்கு ஊசி வயர் இவ்விரண்டையும் தனித்தனியே கொண்டு செல்லும். அதன் ஊசிகள்தாம் எளிதில் வளைந்துவிடும்.

அதனினும் மேலானது பச்சை, நீலம், சிவப்பு என்னும் மூன்று முனைகளையுடைய காம்பொனன்ட் வயர். பெயர் கண்டு மயங்கலாகாது. பச்சை முனை கொண்டு செல்வது பச்சை நிறத்தை அன்று, ஒளியின் அளவை. மற்ற இரண்டும் நிற வேறுபாடுகளைச் சுமப்பன. ஒலிக்கான சிவப்பு முனையைப் படத்திற்கான சிவப்புத் துளையில் செருகிவிட்டு, நிறம் கெட்டதென்று மெக்கானிக்கை அழைத்தோர் பலர். எம் பெட்டியில் நல்வாய்ப்பாக இம்மூன்று துளைகளும் இருந்தன. வயரை மாற்றிய அன்று தமக்கையாரின் பட்டுச் சேலைக் கரை அசையாது நின்றது.

பிளேயரின் அமைப்பிலும் கருத்துச் செலுத்த வேண்டும். டிவி வகை என்னுமிடத்தில் நான்குக்கு மூன்று, லெட்டர் பாக்ஸ் என வைப்பதே இப்பெட்டிக்கு ஏற்றது. பதினாறுக்கு ஒன்பது என்றிருந்தால் அகலத்திரைப் படங்களில் மாந்தர் பனைமரமென நெடிது மெலிவர். பேன் ஸ்கேன் என்றால் படத்தின் இருபுறமும் வெட்டுண்ணும். புரோகிரசிவ் என்பதை அணைத்து வைத்தல் நலம். பழைய பெட்டிகளுட் பெரும்பாலானவை அதனை ஏற்கமாட்டா. அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பும் தகடு கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் தகட்டை ஐயுற வேண்டா. அஃது என்.டி.எஸ்.சி. முறையினது, பிளேயரில் பால் எனத் தேர்ந்தால் பெரும்பாலும் நிறம் வந்துவிடும்.

இனிப் பெட்டியின் பொத்தான்கள். கடை வெளிச்சத்தில் பளிச்சிடவேண்டி ஏற்றி வைத்த கான்ட்ராஸ்டை வீட்டில் இறக்குதலே முறை. ஷார்ப்னஸ் என்பது பெயருக்கேற்பத் தெளிவைக் கூட்டுவதன்று. ஓரங்களில் வெண்கோடு இழுப்பது. அதனையும் குறைத்தோம். பிரைட்னசுக்கு எம் அளவுகோல் தந்தையாரின் கறுப்புக் கோட்டு. அதன் மடிப்புகள் தெரிய வேண்டும். கறுப்பு சாம்பலாகவும் கூடாது. மாலையில் விளக்கைத் தணித்து அமர்ந்து, அவ்விரண்டிற்கும் நடுவே ஓரிடம் கண்டோம். திரையின் மூலையில் படர்ந்திருந்த ஊதாக் கறை, அருகிலிருந்த ஒலிபெருக்கியின் காந்தத்தால் வந்தது. அதனை அகற்றி, மெயின் சுவிட்சை அணைத்து, குழாய் ஆறியபின் மீண்டும் போட்டோம். போடும்போதெல்லாம் பெட்டி தன் காந்தத்தைத் தானே நீக்கிக்கொள்ளும் அமைப்புடையதாதலால், சில முறைகளில் கறை மறைந்தது.

வீட்டில் எழுதிய தகடுகளின் சாயப்படலம் காலப்போக்கில் மங்கும் இயல்பினது. ஆதலால் அதிலுள்ள கோப்புகளைச் சுருக்காமல், மாற்றாமல், கணினியில் இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்துள்ளோம். தகட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்கின்றோம். வட்டமாகத் துடைத்தால் ஏற்படும் கீறல் தடத்தோடு தடமாக ஓடிக் கெடுதி செய்யும்.

பந்திக் காட்சி வந்ததும் ஒலியைக் கூட்டுமாறு தாயார் பணிப்பார். இலைகளுக்கிடையே நடந்துவரும் தந்தையார் கேமராவைக் கண்டு சற்றே கூசி நின்று, படம் எடுப்பவரிடம் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, நீங்க சாப்பிட்டீங்களா?"