எங்கள் வீட்டுத் தோட்டத்துப் பக்கம்



"விடுமுறையில் நான் செய்த உருப்படியான காரியம்" என்று சுவரேட்டுக்கு எழுதித் தரச் சொன்னார்கள். நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த குப்பை இடத்தைத் தம்பி விளையாடுகிற இடமாக மாற்றினேன். மாற்றினேன் என்று சொன்னால் தாத்தா கோபித்துக் கொள்வார். மாற்றினோம். மொத்தச் செலவு 730 ரூபாய்.

ஏன் மாற்றினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு திருவொற்றியூரில். வாசலில் இருந்து இருபது எட்டு வைத்தால் எண்ணூர் விரைவு சாலை. அதைத் தாண்டினால் கடல். ஏப்ரல் மாதம் ஒரு சாயங்காலம் தம்பியின் பந்து ரோட்டுக்கு உருண்டது. அவனுக்கு ஆறு வயசு. பந்தைத்தான் பார்த்தான், லாரியைப் பார்க்கவில்லை. கண்டெய்னர் லாரியின் பிரேக் சத்தம் கேட்டு நான் ஓடினேன். தம்பிக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது.

டிரைவர் அண்ணன் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. இறங்கி வந்து சக்கரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார். சொம்பைப் பிடித்த கை நடுங்கியது. எனக்கும் இவன் வயசில் ஒருத்தன் இருக்கான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா தம்பியை ஒரு அறை விட்டு, உடனே கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அன்றிலிருந்து வாசக்கதவுக்குப் பூட்டு. நாலு நாள் தம்பி செல்போனை வைத்துக்கொண்டு மூலையில் கிடந்தான். ஐந்தாம் நாள், சோறு வேணாம் என்றான்.

தாத்தாவால் அதைத் தாங்க முடியவில்லை. "எங்க காலத்துல கிரவுண்டுன்னா இன்னான்னே தெரியாது. மணலு இருந்துச்சு. ஓடுனா ஓடிக்கினே இருக்கலாம்" என்றார். தாத்தா கட்டுமரத்தில் போனவர். அவர் சின்னப் பையனாகக் கபடி ஆடிய மணல் இப்போது கடலுக்குள் இருக்கிறது. எங்கள் பக்கம் இருப்பது கருங்கல் குவியல்தான்.

இதற்குக் காரணத்தைப் புவியியல் வகுப்பில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். அந்தச் சுவர் மணலை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வரவேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. அதைத் தடுக்கத்தான் கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள். மெரினாவுக்குப் போய் மணலில் விளையாடும்போது இனி நான் தாத்தாவை நினைத்துக்கொள்வேன்.

ரோட்டில் லாரி. கரையில் கல். மிச்சம் இருந்தது தோட்டத்துப் பக்கம்தான். எங்கள் பக்கம் வீட்டுக்குப் பின்னால் இருப்பதைத் தோட்டம் என்றுதான் சொல்வோம். ஆனால் அதில் இருந்தது ஒரு முருங்கை மரம், துவைக்கிற கல், உடைந்த பக்கெட், தாத்தாவின் பழைய கயிறு, வீடு பூசியபோது மிஞ்சிய ஆற்று மணல். அளந்து பார்த்தேன். நீளம் 12 அடி, அகலம் 9 அடி.

தம்பி முதலில் கேட்டது ஊஞ்சல். முருங்கை மரத்தில் கட்டலாம் என்று நானும் கயிற்றை எடுத்துவிட்டேன். தாத்தா சிரித்தார். "முருங்கையை நம்பி ஏறுனவன் கை ஒடிஞ்சுதான் எறங்குவான்" என்றார். அது எவ்வளவு தடியாக வளர்ந்தாலும் படக்கென்று முறியுமாம். பிறகு அவரே ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி ஆட்டிக் காட்டினார். கல் போய்ச் சுவரில் இடித்தது. "இது கல்லு. அது உன் தம்பி மண்டையா இருந்தா?" ஊஞ்சல் வேண்டாம் என்று தம்பியே சொல்லிவிட்டான்.

அதற்குப் பதிலாகத் தாத்தா ஏறுகிற வலை பின்னினார். இரண்டு சவுக்குக் கட்டையை இரண்டரை அடி ஆழத்தில் நட்டு, நடுவில் தடித்த கயிற்றில் வலை. உயரம் என் இடுப்பு அளவுதான். மீன் வலையையே கட்டிவிடலாமே என்று கேட்டேன். அதில் விரல் மாட்டும், கழுத்திலும் சுற்றிக்கொள்ளும் என்று மறுத்துவிட்டார். கண்ணி ஒவ்வொன்றையும் தன் உள்ளங்கையை வைத்து அளந்து முடிச்சுப் போட்டார். பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். விளையாட்டுத் திடல் கட்டுகிறவர்களுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் இடைப்பட்ட சந்துதான் ஆபத்து. சின்னப் பிள்ளையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். தாத்தாவின் உள்ளங்கை அகலம் மூன்றே கால் அங்குலம்! படிக்காத மனுஷர் என்று அவரை இனி யாரும் சொல்லக்கூடாது.

பஞ்சர் கடை அண்ணன் மூன்று பழைய ஸ்கூட்டர் டயர் சும்மா கொடுத்தார். அவற்றைப் பாதி மண்ணில் புதைத்துத் தாண்டி விளையாட வைத்தோம். புதைக்கும் முன் ஒவ்வொரு டயரிலும் அடிப்பக்கம் நாலு ஓட்டை போட்டோம். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு டயரில் தேங்குகிற மழைத் தண்ணீர் மாதிரி சுத்தமான தண்ணீரைத்தான் பெரும்பாலும் தேடும். ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் நின்றாலே போதும், முட்டை கொசுவாகிவிடும்.

இந்த இடத்தில் ஒரு சண்டையையும் சொல்லவேண்டும். மணல் தொட்டிக்காக அப்பா ஒரு நீல பேரலைப் பாதியாக அறுத்து, சைக்கிளில் கட்டி, வேர்க்க விறுவிறுக்கக் கொண்டு வந்தார். கம்பெனிப் பக்கம் யாரோ இனாமாகக் கொடுத்தது. லேபிள் கிழிந்திருந்தது. தாத்தா முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே உருட்டிவிட்டார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்பா" என்றார். "2023-ல மிக்ஜாம் புயலப்போ கழிமுகத்துல எண்ணெய் வந்துச்சே, படகுல பட்ட கறை சோப்புல போச்சா?" என்று தாத்தா கேட்டார். அந்த டிசம்பர் மாதம் எங்கள் வீட்டில் மீன் விற்ற காசு வரவில்லை. அப்பாவுக்கும் அது ஞாபகம் இருந்தது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு, அவரே பேரலைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். என்ன இருந்தது என்று தெரியாத பேரலில் பிள்ளையை உட்கார வைக்கக்கூடாது. நம் பக்கம் பேரல் மலிவாகக் கிடைக்கும் என்பதால் இதை எழுதுகிறேன். பிறகு பழைய செங்கல்லை நாலு பக்கமும் அடுக்கி மணல் கொட்டினோம்.

மணலைச் சலித்த பிறகும் எனக்குச் சந்தேகம். பழைய ஸ்பீக்கரில் இருந்த காந்தத்தைக் கயிற்றில் கட்டி மணலுக்குள் இழுத்தேன். 11 ஆணியும் ஒரு பிளேடுத் துண்டும் வந்தன. அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். துவைக்கிற கல் பக்கம் இருந்த சிமெண்ட் தரையில் பெயிண்டால் பாண்டிக் கட்டம் போட்டேன். வேலை முடிய ஆறு நாள் ஆனது.

ஏழாம் நாள் திறப்பு விழா. தம்பி வந்தான். வலையில் ஒரு தடவை ஏறினான். டயரை ஒரு தடவை தாண்டினான். அவ்வளவுதான்! மிஞ்சிப்போன மூன்று பலகை, கொட்டாங்கச்சி, உடைந்த பக்கெட் இவற்றை எடுத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். பலகைதான் துறைமுகம். கொட்டாங்கச்சிதான் கப்பல். பக்கெட்டின் பிடி கிரேன். மூன்று மணி நேரம் தலை நிமிரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு நாள் உழைப்பு வீண் என்று நினைத்தேன்.

இதை நூலகத்தில் ஆசிரியையிடம் சொன்னபோது அவர்கள் சிரித்துவிட்டு ஒரு கதை சொன்னார்கள். டென்மார்க்கில் சோரன்சென் என்று ஒருவர் இருந்தார். பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் அமைப்பதுதான் அவர் தொழில். அவர் அழகாகக் கட்டிய திடல்களை விட்டுவிட்டு, பிள்ளைகள் கட்டடம் கட்டுகிற இடத்திலும் குப்பை மேட்டிலும் போய் விளையாடினார்களாம். அவர் கோபப்படவில்லை. 1943-ல், நாடு ஜெர்மனியின் பிடியில் இருந்த நேரத்தில், கோபன்ஹேகனில் எம்ட்ருப் என்ற இடத்தில் பலகை, செங்கல், பழைய சாமான் போட்டு ஒரு திடல் திறந்தார்கள். அது அவர் யோசனை. பிள்ளைகள் தாங்களே கட்டுவார்கள், தாங்களே கலைப்பார்கள். போர் முடிந்ததும் லேடி ஆலன் என்ற அம்மையார் அதைப் பார்த்துவிட்டுப் போய், லண்டனில் குண்டு விழுந்து தரைமட்டமான மனைகளில் அதேபோல உண்டாக்கினார். நம் நாட்டிலும் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கட்டடக்கலை படித்த பூஜா ராய் தொடங்கிய ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ் அமைப்பு, பழைய டயர்களை வைத்தே பல ஊர்களில் நூற்றுக்கணக்கான திடல்களைக் கட்டியிருக்கிறது.

அப்படியானால் என் தம்பி எதையும் வீணாக்கவில்லை. நான் போட்ட கணக்குத்தான் தப்பு. விளையாட்டை நான் கட்டிக் கொடுக்க நினைத்தேன். இடத்தைக் கொடுத்தால் போதும், விளையாட்டை அவனே கட்டிக்கொள்வான்.

மூன்று நாளில் ஏழு பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பின் சந்தில் இருந்து ஒரு பாப்பா வருவாள். ஒன்பது வயசு. இடுப்பில் எப்போதும் கைக்குழந்தைத் தம்பி. அவள் அம்மா ஏலத்துக்குப் போய்விடுவதால் குழந்தை அவள் பொறுப்பு. மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு சுவர் ஓரமாகவே நிற்பாள். ஒரு நாள் நான் ஒன்றும் கேட்காமல் குழந்தையை வாங்கி மணலில் உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள் கொஞ்ச நேரம் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். பிறகு ஒற்றைக் காலைத் தூக்கினாள். பாண்டியில் அவளை ஜெயிக்க எங்கள் தெருவில் ஆளே இல்லை!

அவளைப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. நானும் ஏழாம் வகுப்போடு விளையாட்டை விட்டுவிட்டேன். "பெரிய பொண்ணாயிட்டே, தெருவுல இன்னா ஆட்டம்" என்றார்கள், நிறுத்திவிட்டேன். இப்போது முருங்கை மரத்தடியில் பழைய கேரம் போர்டு போட்டிருக்கிறோம். ஆறு மணிக்கு மேல் பெரிய பெண்கள் ஆட்டம். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா நம் வடசென்னைப் பெண்தான். அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். நாங்கள் உலகக் கோப்பைக்கு ஆடவில்லை. ஆனாலும் சிவப்புக் காய் விழும்போது போடுகிற சத்தம் ரோடு வரை கேட்கும்.

நண்பர்களே, உள்ளதைச் சொல்கிறேன். 12 அடி என்பது கிரவுண்டு ஆகாது. அதில் ஓட முடியாது, மட்டை பிடிக்க முடியாது. விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989-ல் ஐ.நா. உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு சொன்னது. 1992-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. ஆனால் தம்பி இன்னும், "அக்கா, கல்லை எல்லாம் எப்போ எடுப்பாங்க?" என்று கேட்கிறான். என்னிடம் பதில் இல்லை. வாசக்கதவில் பூட்டும் அப்படியே இருக்கிறது. பின்கதவு மட்டும் திறந்திருக்கிறது.

செய்து பார்க்க விரும்புவோருக்கு:

1. செலவுக் கணக்கு: சவுக்குக் கட்டை 2 – ரூ.360. பெயிண்ட் – ரூ.190. கயிறு – ரூ.120. ஆணி, கொக்கி – ரூ.60. மற்றதெல்லாம் இனாம்.
2. கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயர் வேண்டாம். ஓட்டை போடாமல் எந்த டயரையும் வைக்காதீர்கள்.
3. நைலான் கயிறு வெயிலில் நாளாக ஆக இற்றுப்போகும். மாதம் ஒரு தடவை முறுக்கிப் பாருங்கள். நார் உதிர்ந்தால் மாற்றிவிடுங்கள்.
4. ராத்திரி மணலைத் தார்ப்பாயால் மூடுங்கள். இல்லாவிட்டால் பூனைக்குக் கக்கூஸ் ஆகிவிடும்.
5. கடற்கரை மணலை அள்ளாதீர்கள். நம் பக்கம் மிஞ்சியிருப்பதே கொஞ்சம்.
6. பெரியவர் ஒருவர் பார்வையில் இருக்கட்டும். ஆனால் "இப்படி ஆடு, அப்படி ஆடு" என்று சொல்லவேண்டாம்.

யாருக்காவது டயர் வேண்டுமானால் 11 'ஆ' பிரிவில் வந்து கேளுங்கள். பஞ்சர் கடை அண்ணனிடம் நான் சொல்லி வைக்கிறேன்.



– பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி