பழைய பிரவுசரா... வாசல்லயே நில்லு!

'இந்தக் காலத்துல யாருங்க பழைய பிரவுசர் வெச்சிருக்கா? அவங்களுக்காக நாம ஏன் ராத்திரி கண் முழிக்கணும்?' - வெப் டிசைன் கத்துக்கிற யாரைக் கேட்டாலும் இதான் டயலாக். ஒரு நிமிஷம் பாஸ்... தமிழ் படிக்கிற நாமளே ஒரு காலத்துல அந்த 'யாருங்க' லிஸ்ட்ல இருந்தவங்கதான்!

2000-ன் தொடக்கத்தில் தமிழ் வெப்சைட்டுகளில் ஆளுக்கொரு ஃபான்ட். பக்கத்தோடவே ஃபான்ட்டும் தானா இறங்கி வர்ற ஒரு டெக்னிக், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் வேலை செய்யும். வேற பிரவுசர்ல திறந்தா தமிழுக்குப் பதில் ஜிலேபி பிழிஞ்சிருக்கும்.

அப்புறம் யூனிகோட் வந்து கம்ப்யூட்டர்ல பிரச்னை தீர்ந்தது. பட்டன் போன்ல? கட்டம் கட்டமாத்தான் தெரியும். தாம்பரம் - பீச் லோக்கல்ல கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே நான் தமிழ் படிச்சது ஓபரா மினி புண்ணியத்துல. அட்ரஸ் பார்ல 'ஓபரா:கான்ஃபிக்'னு அடிக்கணும். அங்கே 'பிட்மேப் ஃபான்ட்'னு ஒரு வரி. அதுல 'நோ'வை 'எஸ்' ஆக்கணும். அவ்ளோதான்... ஓபராவோட சர்வரே எழுத்தை எல்லாம் படமா வரைஞ்சு அனுப்பிடும்! இந்த ரகசியத்தை கேன்டீன்ல ஒருத்தர் காதுல ஒருத்தர் ஓதுவோம். போனுக்குத் தமிழ் தெரியாட்டியும் எங்கேயோ ஒரு இன்ஜினீயர் எங்களுக்காகக் கொஞ்சம் மெனக்கெட்டிருந்தார்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். இரும்புலியூர்ல எங்க தெரு டெய்லர் அக்கா கையில 2017-ல வந்த ஜியோபோன். 2.4 இஞ்ச் திரை. உள்ளே இருக்கிற இன்ஜின் 2016-ன் ஃபயர்ஃபாக்ஸ் 48 காலத்துது. பொண்ணோட அட்மிஷனுக்காக ஒரு காலேஜ் சைட்டைத் திறந்தாங்க. வெள்ளைத் திரை. "போன் போயிடுச்சா தம்பி?"ன்னு கேட்டாங்க.

போன் போகலை. தெரியாத சி.எஸ்.எஸ். வரியைப் பார்த்தா பிரவுசர் தாண்டிப் போயிடும். ஜாவாஸ்கிரிப்ட் அப்படி இல்லை. 2020-ல ஸ்டாண்டர்டுக்கு வந்த 'கேள்விக்குறி, பக்கத்துல புள்ளி' ஒண்ணு இருந்தாலே போதும், பழைய இன்ஜின் அந்த ஸ்கிரிப்ட்டை மொத்தமா தூக்கிப் போட்டுடும். ரெண்டே எழுத்து... அட்மிஷன் ஃபார்ம் காலி!

அதுக்காக இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-க்கு மாரடிங்கன்னு சொல்லலை. விண்டோஸ் 10-ல அந்தக் கடைசி எக்ஸ்ப்ளோரருக்கே மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ல டாட்டா சொல்லிடுச்சு. அனிமேஷன், கலர் எல்லாம் புது போனுக்கு மட்டும் தெரியட்டும், யாரும் அழப்போறதில்லை. ஆனா ஃபார்ம்னு ஒண்ணு இருந்தா, ஜாவாஸ்கிரிப்ட்டே இல்லாம சப்மிட் ஆகுற மாதிரி முதல்ல கட்டுங்க. அலங்காரம் அப்புறம்.

வீட்டு டிராயர்ல ஒரு பழைய போன் கிடக்கும்ல... சார்ஜ் போட்டு, இன்னிக்கு ராத்திரி உங்க சைட்டை அதுல திறந்து பாருங்களேன்!