வயலில் வளரும் போன்சாய்: கினாஷி கிராமத்தில் ஒரு நாள்

போன வருஷம் எங்கள் வீட்டு ஜன்னலோரம் ஆறு பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. 'போன்சாய் விதை' என்று அச்சிட்ட பாக்கெட்டை செல்போனில் பார்த்து வரவழைத்திருந்தான் என் சின்ன மகன். ஆறில் நான்கு முளைக்கவே இல்லை. முளைத்த இரண்டும் நூல் மாதிரி வெளுத்து நீண்டு, ஒரே மாதத்தில் அடியோடு சாய்ந்துவிட்டன.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "கண்மாய்த் தண்ணியை நம்பி நெல்லுப் போட்டு என்னப்பா கண்டோம்? ஒரு போன்சாய் ஆயிரக்கணக்குல போகுது. ரூமுக்குள்ளயே விதை போட்டு வளர்க்கலாம். அம்மா நகையை வெச்சு ரெண்டு லட்சம் போடுவோம்" என்றான். எனக்கு இருப்பது இரண்டு ஏக்கர். 'வேண்டாம்' என்று சொல்லவும் காரணம் தெரியவில்லை, 'சரி' என்று சொல்லவும் மனசு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் பேரனுடைய முதல் பிறந்த நாளுக்கு, ஜப்பானில் ஒசாகாவில் வேலை பார்க்கும் மகள் எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். நவம்பரில் போனோம். தம்பியின் யோசனையைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. "போன்சாயை வயல்ல வளர்க்கிற விவசாயிங்க ஊரே இருக்குப்பா. நேர்ல பார்த்துட்டு அவனுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள். பேரனைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, ஒரு விடியற்காலையில் நாங்கள் இருவரும் கிளம்பினோம்.

கண்மாய்களின் ஊர்

ஒசாகாவிலிருந்து ஒகயாமா வரை புல்லட் ரயில். அங்கே வேறு ரயில் மாறினால், 1988-ல் திறந்த பெரிய கடல் பாலத்தைத் தாண்டி ஷிகோகு தீவில் இருக்கும் தகாமட்சு நகரத்துக்குப் போகிறது. பரப்பளவில் ஜப்பானிலேயே சின்ன மாகாணமான ககாவாவின் தலைநகர் அது. அங்கிருந்து உள்ளூர் ரயிலில் இரண்டாவது நிறுத்தம் கினாஷி. 'அரக்கர் இல்லாத ஊர்' என்று பெயருக்கு அர்த்தமாம். பீச் பழத்திலிருந்து பிறந்த பையன் ஒருவன் அரக்கர்களை ஒழித்ததாக ஜப்பானில் ஒரு நாட்டுப்புறக் கதை உண்டு. அந்தக் கதையோடு இந்த ஊரையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

அந்த மாகாணத்தில் என் கண்ணில் முதலில் பட்டவை கண்மாய்கள்தான். ஜப்பானில் மழை குறைந்த பகுதிகளில் ககாவாவும் ஒன்று. பெரிய ஆறுகளும் இல்லை. அதனால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாசனக் குளங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். இவற்றில் பெரியது மன்னோ ஏரி. உடைந்து கிடந்த அதன் கரையை கூகாய் என்ற புத்தத் துறவி 821-ம் ஆண்டில் முன்னின்று கட்டிக் கொடுத்ததாக வரலாறு. சிவகங்கைச் சீமையில் பிறந்த எனக்கு, கரையையும் மடையையும் பார்த்ததும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

கினாஷியில் நெல் வயலுக்குப் பக்கத்து வயலில் வரிசை வரிசையாகப் பைன் மரங்கள் நிற்கின்றன. முழங்கால் உயரம், இடுப்பு உயரம், அவ்வளவுதான். நம்மூரில் கத்தரி நட்ட மாதிரி பாத்தி பிடித்து, நடுவில் ஆள் நடக்க இடம் விட்டிருக்கிறார்கள். சுமார் 200 வருஷங்களுக்கு முன்னால் கடலோரத்தில் தானாக முளைத்த பைன்களைத் தோண்டி வந்து தொட்டியில் வைத்து விற்றதுதான் இந்தத் தொழிலின் தொடக்கம் என்கிறார்கள். இன்றைக்கு ஜப்பானின் பைன் போன்சாயில் சுமார் 80 சதவிகிதம் கினாஷியிலும் பக்கத்தில் இருக்கும் கொகுபுஞ்சியிலும் விளைகிறது. தண்ணீர் தேங்காத மணல் கலந்த மண்ணும், மிதமான குளிரும் அதற்குத் தோதாக இருக்கின்றன.

வேரில் இருக்கிறது வேலை

எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வயலில் உட்கார்ந்து, பைன் கிளையில் இருந்த பழைய ஊசி இலைகளைக் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார். மகள் வணக்கம் சொல்லி, "எங்க அப்பாவும் விவசாயிதான்" என்று ஜப்பானிய மொழியில் சொன்னாள். உடனே எழுந்து வந்து, வயல் முழுக்கச் சுற்றிக் காட்டினார்.

இலையுதிர் காலத்தில் கறுப்புப் பைன் காயைப் பறித்து, காயவைத்து விதை எடுக்கிறார்கள். விதையைத் தண்ணீரில் போட்டால் மிதப்பது பதர், மூழ்குவது விதை. நாம் விதைநெல்லுக்குச் செய்வதேதான். பைன் குளிர்நாட்டு மரம் என்பதால் விதைக்கும் ஒரு குளிர்காலம் தேவைப்படுகிறது. ஒன்றிரண்டு மாதம் ஈரமான மணலில் குளிரில் வைத்திருந்து, வசந்த காலத்தில் நாற்றங்காலில் விதைக்கிறார்கள். தண்டு இளசாக இருக்கும்போதே நாற்றைப் பிடுங்கி, ஆணிவேரை நறுக்கிவிட்டு மறுபடி நடுவதும் உண்டு. அப்படிச் செய்தால் நான்கு பக்கமும் பக்கவேர் சமமாகப் பிரிந்து ஓடும்.

அடுத்து வயலில் நடவு. தண்டு வளையும் பருவத்தில் கம்பியைச் சுற்றி நெளிவு கொடுக்கிறார்கள். சில வருஷங்களுக்கு ஒருமுறை தோண்டி எடுத்து, வேரைக் கவாத்து செய்து திரும்ப நடுகிறார்கள். அடிமரம் பருக்க வேண்டும் என்பதற்காக ஒரு கிளையை மட்டும் அதன் போக்கில் ஓங்கி வளரவிட்டு, வேலை முடிந்ததும் வெட்டிவிடுகிறார்கள்.

"தொட்டியில் வைத்தால் மரம் பருக்காது. பருக்க வைப்பது நிலம். தொட்டி கடைசியில் வருவது" என்றார் பெரியவர்.

"விதை போட்டு விற்கும் வரைக்கும் எத்தனை வருஷம் ஐயா?" என்று கேட்கச் சொன்னேன்.

சின்ன மரத்தைக் காட்டி ஐந்து விரலை விரித்தார். அடுத்த வரிசைக்குப் பத்து விரல். வரப்போரம் தொடை பருமனில் நின்ற மரத்தைத் தட்டி, "இது என் அப்பா விதைத்தது. இன்னும் விற்கவில்லை" என்றார்.

"அறைக்குள் வளர்க்கலாமா?" என்றதும் சிரித்துவிட்டார். "விருந்தாளி வந்தால் இரண்டு நாள் உள்ளே வைப்போம். பிறகு வெளியே எடுத்துவிடுவோம். மரத்துக்கு வெயில் வேண்டும், காற்று வேண்டும், பனியும் வேண்டும்."

கிளம்பும்போது, "உங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டேன். மகன் நகரத்தில் வேலையாம். "மரத்துக்கு அவசரமில்லை. எனக்குத்தான் அவசரம்" என்றார். மகள் அதைத் தமிழில் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமலே நடந்தாள்.

மகனுக்குச் சொன்ன பதில்

ஊர் திரும்பியதும் மகனை உட்கார வைத்துப் பேசினேன். போன்சாய்க்கென்று தனி விதை கிடையாது. எந்த மரத்தின் விதையும் சாதாரண விதைதான். அதைக் குள்ளமாக வைத்திருப்பது கவாத்தும் வேர் நறுக்கலும் தொட்டியும். குளிர்நாட்டு மரம் நம் வெயிலில், அதுவும் அறைக்குள் தாங்காது. விதையிலிருந்து வளர்த்தால் ஐந்து வருஷத்துக்குள் வருமானத்தை எதிர்பார்க்க முடியாது. அதுவரை நகைக்கடனுக்கு வட்டி கட்டுவது யார்? ஆகவே நகை வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். முகம் வாடினான். "ஆனா வளர்க்க வேண்டாம்னு சொல்லலை தம்பி" என்றேன்.

ஆசைப்படும் வாசகர்களுக்கும் அதையே சொல்கிறேன். நம்மூருக்கு ஏற்றவை ஆல், அரசு, இச்சி, புளி. புளியங்கொட்டையை இரவு முழுக்க ஊறவைத்து விதைத்தால் இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். ஆல விதை பொடி மாதிரி இருக்கும். மண்ணுக்கு மேலாகத் தூவி, ஈரம் காயாமல் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் சுவரில் முளைக்கும் கன்றை வேரோடு எடுத்தும் வைக்கலாம். முதல் சில வருஷம் நிலத்தில் அல்லது பெரிய தொட்டியில் விட்டு, தண்டு பருத்த பிறகு சின்னத் தட்டுக்கு மாற்றுங்கள். உடைத்த செங்கல் துண்டு, மணல், மக்கிய தொழுவுரம் கலந்த மண் போதும். தட்டின் அடியில் துளை கட்டாயம் இருக்க வேண்டும். மேல் மண் காய்ந்தால் தண்ணீர் ஊற்றுங்கள்.

வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும் என்றால் ஆல், இச்சி வகைகள் ஓரளவு தாங்கும். அப்போதும் வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டும். வாரம் ஒருமுறை தட்டைத் திருப்பி வையுங்கள். வெளிநாட்டிலிருந்து மரமோ விதையோ பையில் போட்டுக் கொண்டுவர நினைக்காதீர்கள். அதற்கு இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் தேவை.

இப்போது எங்கள் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் அரை சென்ட் இடத்தில் நாற்பது புளியங்கன்றுகளும் பதினோரு ஆலங்கன்றுகளும் நிற்கின்றன. செலவு, கம்பிக்கும் கவாத்துக் கத்தரிக்கும் மட்டும்தான். மீதி நிலத்தில் வழக்கம்போல நெல். தினமும் காலையில் மகன்தான் முதல் ஆளாக அந்தப் பக்கம் போகிறான். போன வாரம் மூன்று கன்றின் ஆணிவேரை அவனே நறுக்கி நட்டான். ஒன்று பட்டுப்போனது. இரண்டு துளிர்த்திருக்கின்றன.