முழித்துக்கொள்ளும் சர்வர்

பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகம். இங்கே உட்கார்ந்து பராமரிக்கும் மெயின்ஃப்ரேம் ஐரோப்பாவில் இருக்கிறது; குழுவில் பாதிப் பேர் அதை நேரில் பார்த்ததே இல்லை. ஒரே இயந்திரம். அதன்மேல் ஐபிஎம்மின் இசட்விஎம். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட லினக்ஸ் சர்வர்கள், ஒவ்வொன்றும் முழுக் கணினியும் தனக்கே என்ற நினைப்பில் ஓடுகின்றன. இந்த வித்தை 1972-இல் வந்த விஎம்/370-இலேயே இருந்தது. 1999 டிசம்பரில் ஐபிஎம் தன் நிரல் திருத்தங்களை வெளியிட்ட பிறகுதான் லினக்ஸ் மெயின்ஃப்ரேமில் குடியேறத் தொடங்கியது.

நான் போன காலையில் ஒரு டிக்கெட் திறந்திருந்தது: நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது, எப்போதாவது மட்டும். அந்த ‘எப்போதாவது’தான் இவர்களுக்கு எமன்.

“மேடம், இப்போ பார்த்தா எல்லாம் நல்லாத்தான் ஓடுது” என்றார் புதிதாகச் சேர்ந்த இளைஞர்.

“நீங்க பார்க்கப் போனதுமே அது முழிச்சுக்கும்” என்றார் மூத்த பொறியாளரான அந்த மேடம். கிண்டல் என்று நினைத்தேன். நிஜத்தையே சொல்லியிருக்கிறார்.

அவர் முதலில் விசாரித்தது தாமதத்தின் அளவை. 40 மில்லி விநாடி என்றால் டிசிபி ஒப்புகையைப் பிடித்து வைத்துக்கொண்டு அனுப்புகிறது என்று சந்தேகிக்கலாம். சரியாக 5 விநாடி என்றால் டிஎன்எஸ் சர்வர் ஒன்று பதில் தரவில்லை. லினக்ஸ் அடுத்ததைக் கேட்குமுன் காத்திருக்கிறது. இங்கேயோ ஒருமுறை அரை விநாடி, இன்னொருமுறை இரண்டு. “இப்படிக் கண்டபடி வந்தா அனேகமா வயர்ல இல்ல” என்றார்.

நெட்வொர்க் குழு ஏற்கெனவே தன் பக்கத்தை நிரூபித்திருந்தது. எல்லாப் பழியும் முதலில் அவர்கள் தலையில்தானே விழும்! வெளி ஸ்விட்சிலும் லினக்ஸுக்குள்ளும் ஒரே நேரத்தில் பாக்கெட்டுகளைப் பிடித்திருந்தார்கள், இரு பக்கக் கடிகாரங்களையும் ஒத்துவைத்து. ஸ்விட்சைக் கடந்த பாக்கெட், லினக்ஸின் கணக்கில் ஒன்றரை விநாடி கழித்தே பதிவாகியிருந்தது. ஐந்து நிமிடச் சராசரியில் வரையும் கண்காணிப்பு வரைபடத்தில் இதற்குச் சுவடே இல்லை. அந்த வரைபடங்களை நம்பிக் கூட்டம் போடுபவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

மேடம் பச்சை எழுத்துத் திரையைத் திறந்து ‘இண்டிகேட் யூசர்’ என்று கட்டளை தட்டினார். அந்த சர்வருக்கு ஒதுக்கிய மெமரியில் சிறு பகுதியே உண்மையான நினைவகத்தில் இருந்தது, மிச்சமெல்லாம் டிஸ்கில். இரவில் அதற்கு வேலை இல்லை, பேக்கப் ஓட்டும் சர்வர்களுக்கோ இடம் போதவில்லை. கூட்டுக் குடும்பத்தில் ஊருக்குப் போனவரின் பெட்டி பரணுக்கு ஏறுவதுபோல, இசட்விஎம் இதன் மெமரிப் பக்கங்களைத் தூக்கி டிஸ்கில் போட்டுவிட்டது. காலையில் வரும் முதல் கோரிக்கை, அவை இறங்கி வரும்வரை காத்திருக்கிறது. அடுத்த பிங் ஒரு மில்லி விநாடிக்குள் திரும்பிவிடுகிறது.

முன்பு இதே புகார் வந்தபோது, அப்ளிகேஷன் குழு கேட்டதற்காக மெமரியை 8 ஜிபியிலிருந்து 16 ஆக்கியிருக்கிறார்கள். அதன் பிறகுதான் தாமதம் கூடியது. லினக்ஸுக்கு மெமரி மிஞ்சினால் சும்மா விடாது. படித்த கோப்புகளையெல்லாம் அதில் அடுக்கி வைத்துக்கொள்ளும். எது அவசியம், எது வெறும் சேமிப்பு என்று இசட்விஎம்முக்குத் தெரியாது. அதனால் ஏற்றி இறக்கும் சுமையும் கூடிப்போகிறது. ஆகவே மேடம் சொன்ன தீர்வு தலைகீழானது: மெமரியை, லினக்ஸ் லேசாக ஸ்வாப் செய்யத் தொடங்கும் அளவுவரை குறைக்க வேண்டும். அந்த ஸ்வாப்பை, மெமரியிலேயே உருவாகும் மெய்நிகர் டிஸ்கான விடிஸ்க்கில் வைக்க வேண்டும். முக்கியமான சர்வருக்குக் கொஞ்சம் பக்கங்களை ‘செட் ரிசர்வ்ட்’ போட்டுக் காக்க வேண்டும். நெட்வொர்க் கார்டின் பஃபர் எண்ணிக்கையை 128 ஆக்கச் சொல்லியும் ஒரு யோசனை வந்தது. நல்லதுதான், ஆனால் இந்த நோய்க்கு அது மருந்தில்லை.

“குறைச்சா எப்படி வேகம் கூடும்?” மதியக் கூட்டத்தில் அப்ளிகேஷன் மேலாளர் திரும்பத் திரும்பக் கேட்டார். மேடம் 6 ஜிபி கேட்டார். 12-க்குத்தான் ஒப்புதல் கிடைத்தது. மிச்சத்துக்கு அடுத்த மாதம் இன்னொரு டிக்கெட் போட வேண்டும் என்று இளைஞரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.