காட்டுப்பள்ளி யார்டில் ஒரு டேப்லெட்

மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளி போகும் சாலையில் ட்ரெய்லருக்குத்தான் முதல் மரியாதை. எல் அண்ட் டி கட்டி, 2018-ல் அதானி குழுமத்தின் கைக்குப் போன துறைமுகம் அந்தப் பக்கம்தான். நான் அதுவரை போகவில்லை. வழியிலேயே ஒரு கன்டெய்னர் யார்டில் இறங்கிக்கொண்டேன்.

கேட் அறை மேசையில் இருக்கும் ஆண்ட்ராய்டு டேப்லெட்தான் இங்கே சர்வர். சர்வேயர்களின் போன்கள் யார்டு வைஃபையில் அதோடு இணைந்து கன்டெய்னர் எண், சீல் எண், பெட்டியில் நசுங்கல் இருந்தால் அதையும் அனுப்பும். இன்டர்நெட் தேவையில்லை. நல்ல ஏற்பாடுதான், வண்டிகள் குவியும் நேரம் வரும்வரை.

“கனெக்டட்னுதான் தம்பி காட்டுது. அனுப்புனா சுத்திக்கிட்டே இருக்கு” என்றார் சர்வேயர், ஆப்பை எழுதிய இளைஞரிடம்.

லேப்டாப்பில் ஆப்பின் கோட் பார்த்தேன். ஒரு லூப், அதில் accept அழைப்பு, அடுத்த வரியிலேயே வந்த இணைப்பிலிருந்து படிக்கும் வேலை. “மெயின் த்ரெட்ல இல்ல சார், பேக்கிரவுண்ட்லதான் ஓடுது” என்றார். மெயின் த்ரெட்டில் நெட்வொர்க் வேலை செய்தால் ஆண்ட்ராய்டு 3.0 முதலே ஆப் கிராஷ் ஆகிவிடும். அதனால் இதை எல்லோரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள். சிக்கல் அதற்கு அப்புறம்.

ஒரு போனை இணைத்து, எடுத்துக்கொண்டு அடுக்குக்குப் பின்னால் நடந்தோம். நாலு பெட்டி உயரத்துக்கு இரும்புச் சுவர். சிக்னல் போயே போச்சு. இணைப்பை முறைப்படி மூடாமலே போன் காணாமல் போனதால், டேப்லெட் அதன் அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டே நின்றது. கேட்டில் நின்ற இன்னொரு போனில் இணைத்தோம். ‘கனெக்டட்’!

பொய் சொல்வது போன் இல்லை. டிசிபி கைகுலுக்கலை முடித்துவைப்பது இயங்குதளத்தின் கெர்னல். ஆப் எடுத்துக்கொள்ளும்வரை இணைப்பு ஒரு வரிசையில் கிடக்கும். ஜாவாவின் சர்வர்சாக்கெட்டில் நாமாக எதுவும் குறிக்காவிட்டால் அந்த வரிசைக்கு 50 இடம். வெளியே பார்க்கிங்கில் நிற்கும் ட்ரெய்லர் மாதிரிதான்: வந்து சேர்ந்துவிட்டது, கேட் பாஸ் போடவில்லை.

அங்கேயே திருத்தினோம். லூப் இணைப்பை வாங்கும், தனி கோரூட்டினிடம் ஒப்படைக்கும், அடுத்ததை வாங்கத் திரும்பும். வேறு வேலை கிடையாது. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் 15 விநாடி டைம்அவுட். பதிவானதும் டேப்லெட் ஒரு பதில் அனுப்பும். அது வந்தால்தான் சர்வேயர் திரையில் பச்சை. கோட்லினின் ஐஓ டிஸ்பேட்சரில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு த்ரெட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. வழக்கமாக 64 வரை இடம் உண்டு. பத்துப் பதினைந்து போனுக்கு அது தாராளம். இந்த யார்டுக்கு ஜாவா என்ஐஓ செலக்டரெல்லாம் வீண் ஆடம்பரம்.

மறுபடி ஒரு போன் அடுக்குக்குப் பின்னால் போனது. கேட்டில் மற்றவை தடையில்லாமல் பதிந்தன.

பாக்கி ஒன்று உண்டு. கேட்டில் இருப்பவர் அதே டேப்லெட்டில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனால், பின்னணிக்குப் போன ஆப்பை ஆண்ட்ராய்டு மூடிவிடலாம். ஃபோர்கிரவுண்ட் சர்வீஸாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஐபேடாக இருந்திருந்தால் இந்த வழியும் இல்லை. ஆப்பை உறங்கவைத்த பிறகு ஐபேட் அந்தச் சாக்கெட்டையே பிடுங்கிக்கொள்ளலாம்.