பனியாற்றில் ஒரு கயிறு

தமிழனுக்குப் பனி அந்நியமன்று. முன்பனி, பின்பனி என இரு பருவங்களையே அதற்கென ஒதுக்கியவர் நம் முன்னோர். ஆயினும் அவர் கண்ட பனி, புல்நுனியில் தங்கிக் கதிரவன் எழுந்ததும் மறைவது. எங்கள் சந்தாபுராவில் மார்கழி விடியலில் ஓசூர்ச் சாலையை மறைத்து, தொழிற்சாலைப் பேருந்துகளின் விளக்குகளை மஞ்சள் பொட்டுகளாக்கும் மூடுபனியும் நமக்குப் பனிதான். இமயத்தில் ஆறுபோல் நீண்டு, மெல்ல நகர்ந்து, பாறைபோல் இறுகிக் கிடப்பதும் பனிதான். ஒரு சொல்லைக் கொண்டே நாம் காலந்தள்ளிவிட்டோம். மலையேற்றம் பயில்வோர்க்கு அது போதாது. நேற்று விழுந்த பொடிப்பனி, மேலோடு மட்டும் இறுகிய பனி, நீலம் பாரித்த பனிக்கட்டி, பிளவின் வாயை மூடி நிற்கும் பனிப்பாலம் என அடிக்கு அடி வேறுபாடு கண்டாக வேண்டும்.

சேரன் செங்குட்டுவன் இமயத்தினின்று கல் கொணர்ந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுவதை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். அக்கல்லைச் சுமந்தவர் பனியில் எங்ஙனம் காலூன்றினர் என்று வினவுவோர் அரியர். என்னை வினவ வைத்தவள் என் மகள்.

பொம்மசந்திராவில் பணிபுரியும் அவள், ஞாயிறுதோறும் இராமநகரத்துப் பாறைகளில் ஏறப் பழகியவள். 2024இல் ஒரு நாள் உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் அடிப்படைப் பயிற்சிக்கான படிவங்களை என்முன் வைத்தாள். 1965இல் தொடங்கப்பெற்ற நிலையம் அது. டென்சிங் பணியாற்றிய டார்ஜிலிங் நிலையம் அதற்குப் பதினோராண்டு மூத்தது. பயிற்சி 28 நாள். என் வயதினரைச் சேர்த்துக்கொள்வதில்லை என்பதை அவள் சற்று மகிழ்ச்சியுடனேயே தெரிவித்தாள்.

மத்திய அரசில் எழுத்தனாக இருந்து எத்தனையோ பத்திரங்களைப் படித்தவன் நான். இந்தப் பத்திரத்தைப் படிக்கத்தான் ஓரிரவு பிடித்தது. உயிர்க்கு ஏதம் நேரின் பிறர் எவரும் பொறுப்பல்லர் என்பது அதன் சாரம். 4.10.2022 அன்று ‘திரௌபதி கா தாண்டா’ மலைச்சரிவில், இதே நிலையத்தின் மேல்நிலைப் பயிற்சிக் குழுவைப் பனிச்சரிவு அள்ளிச் சென்றது. மாணவரும் ஆசிரியருமாக மாண்டோர் 27 பேருக்கும் மேல். அவ்வாண்டு மே மாதத்தில்தான் எவரெஸ்டையும் மகாலுவையும் பதினாறு நாளுக்குள் ஏறி முடித்திருந்த சவிதா கன்ஸ்வாலும் அவருள் ஒருவர். கர்நாடகத்து இளைஞரும் இருந்தனர். இவ்வளவும் அறிந்த தகப்பன் எந்தப் பேனாவால் கையொப்பமிடுவான்?

“அப்பா, மலைக்குப் போக வேண்டாம் என்றால் போகவில்லை. ஆனால் போகிறவர்கள் படிக்காமல் போவது சரியா?” என்றாள். விடை கூற இயலவில்லை, கையொப்பமிட்டேன்.

அவள் கற்று வந்ததை எங்கள் மொட்டைமாடியில் எனக்குக் கற்பித்தாள். முதற்பாடம் விழுவது. மாணவர் வேண்டுமென்றே சரிவில் விழுந்து உருள வேண்டும். உருளும்போதே பனிக்கோடரியின் கூர்முனையைப் பனியில் அழுத்தி, மார்பின் எடை முழுவதையும் அதன்மேல் சாய்த்து நிற்க வேண்டும். அடுத்தது புருசிக் முடிச்சு. 1931இல் ஆஸ்திரியரான கார்ல் புருசிக் என்னும் இசையாசிரியர் வெளியிட்டது. தடித்த கயிற்றின்மேல் மெல்லிய கயிற்றை மும்முறை சுற்றுகிறார்கள். எடை ஏறினால் இறுகிப் பிடிக்கும். எடை நீங்கினால் நழுவி மேலேறும். அத்தகைய இரண்டை மாற்றி மாற்றி நகர்த்திப் பிளவிலிருந்து ஏறி வரலாம். நம் பனையேறியின் தளைநார் இதற்குத் தூரத்து உறவு என்றே எனக்குப் பட்டது. சேலை உலர்த்தும் கொடி எங்கே என்று என் மனைவி தேடியது தனிக்கதை.

டோக்ரியானிப் பனியாற்றில் விடியுமுன்னரே புறப்படுவார்களாம். வெயில் ஏறினால் பனிப்பாலம் இளகிவிடும். ஒரு கயிற்றில் மூவர் நால்வர். இடையே கயிறு இழுபடவும் கூடாது, தொய்யவும் கூடாது. ஒருவர் பிளவில் வீழ்ந்தால் ஏனையோர் அந்நொடியே பனியில் விழுந்து கோடரியை ஊன்றித் தாங்க வேண்டும். பின்னர் கோடரியைக் குறுக்காகப் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டி, கப்பிகளால் இழுக்க வேண்டும். பத்திரம் ‘எவரும் பொறுப்பல்லர்’ என்கிறது. கயிறோ நேர்மாறாகச் சொல்கிறது! பனிச்சரிவில் புதைந்தவர் உயிர்பிழைக்கும் வாய்ப்பு முதற் கால் மணி நேரம் கழிந்ததும் விரைந்து குறைந்துவிடும். ஹெலிகாப்டர் வருமுன் அது கழிந்துவிடும். ஆகவேதான் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிக்கும் கருவியை ஒவ்வொருவரும் மார்பில் அணிந்து, புதைந்த தோழரைத் தேடப் பழகுகின்றனர்.

இப்போது அவள் குல்மார்க்கில் பனிச்சறுக்கும் கற்க விரும்புகிறாள். சறுக்குப் பலகையோடு மலையேறுவது தனிக்கலை. பலகையின் அடியில் ஒட்டும் பட்டையில் மயிர் ஒரே திசையில் படிந்திருக்கும். முன்னே வழுக்கும், பின்னே பற்றும். பண்டு கடல்நாயின் தோல். இன்று ஆட்டு மயிரோ நைலானோ. ஏறும்போது குதிகாலை விடுவித்து, இறங்கும்போது பூட்டிக்கொள்வர். பலகை உடல் எடையைப் பரப்புவதால் பனிப்பாலம் எளிதில் உடையாது. அதற்காகக் கயிற்றை அவிழ்த்துவிடலாமா என்றேன். என்னைப் பரிவோடு பார்த்தாள்.

அவள் கயிற்றில் இருந்தவர்கள் மிசோரம் நங்கை ஒருத்தியும் இராணுவ வீரர் ஒருவரும். மூவர்க்கும் பொதுமொழி அரைகுறை இந்தி. ஒரு நாள் பயிற்சிக்காக என் மகளைப் பிளவுக்குள் இறக்கினர். உள்ளே நீல ஒளி. கீழே எங்கோ நீரோடும் ஒலி. மேலே கயிறு இழுபடும் வரை தொங்கிக்கொண்டிருந்தாளாம். அவ்விருவரும் இழுத்தனர். அடுத்து, அந்நங்கையை இவள் இழுத்தாள்.

இச்செய்தியைத் தாயிடம் அவள் இதுவரை கூறவில்லை. இம்மலரை என் மனைவி முதலிலிருந்து முடிவு வரை படிப்பவள். ஆதலால் இங்கேயே தெரிவித்துவிடுகிறேன்.