பழைய ஸ்விஃப்டா, புது ஸ்விஃப்டா? கொல்லிமலை சொன்ன பதில்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். கார் வாங்கும் குழப்பத்தைத் தீர்க்க இதைவிட நல்ல இடம் ஏது?

ஏறும்போது, மாமா எனக்குத் தருவதாகச் சொன்ன முதல் தலைமுறை ஸ்விஃப்ட். 2005-ல் அறிமுகமான மாடல், 1.3 லிட்டர், 4 சிலிண்டர். இரண்டாவது கியரில் வளைத்தால், முன்சக்கரங்கள் சாலையைப் பற்றி இழுப்பது ஸ்டீயரிங்கில் கைக்கே தெரிந்தது. மனசு அங்கேயே விழுந்துவிட்டது.

செம்மேட்டில் டீ குடித்துவிட்டு, இறங்கும்போது தம்பியின் 2024 மாடல். 3 சிலிண்டர்; அந்தத் துள்ளல் இல்லை. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா காரில் ஏர்பேக்கே கிடையாது, இதில் 6.

அடிவாரத்தில் சொன்னேன்: "புதுசுதான் மாமா."

அவர் சிரித்தார். "சரி மாப்ள, ஞாயித்துக்கிழமை மட்டும் இதை எடுத்துக்கோ!"